ஊர்ந்து வந்த கடல்

ஆங்கிலத்தில் 'க்ரீப்' என்றால் மெல்ல ஊர்வது. அதிலிருந்து வந்த 'க்ரீப்பர்' என்பது படர்கொடி. வடசென்னைக் கடற்கரைக்கு இரண்டுமே பழக்கம். படர்ந்து மணலைப் பிடித்துவைப்பது அடம்புக்கொடி. ஊர்ந்து வந்ததோ, கடல்!

1870களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகரும் மணலை அதன் சுவர் மறித்தது. மெரினாவுக்கு வரவு, ராயபுரம், திருவொற்றியூருக்குச் செலவு. மெரினா அகலமாக அகலமாக, வடக்கே கரை கரைந்தது. குப்பங்களில் தெருத்தெருவாகக் கடலுக்குள் போயின. கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் தப்பியது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. சடையங்குப்பத்துக்குக் கிழக்கே எர்ணாவூர் கரையிலும் இன்று கல்தான் காவல்.

புயல் என்றால் நாடே ஓடிவந்து பார்க்கும். வருஷத்துக்குக் கொஞ்சமாக ஊர்ந்து வருவதை யார் பார்க்கிறார்கள்? வாசலை இழந்தவனைத் தவிர.