ஓய்வுக் காலத்தில் ஓடம் காத்த வரலாறு

கடலை நம்பி வாழும் நம் குலத்தாருக்கு ஓடமே நிலமும் ஏரும் எருதும் ஆகும். ஓடம் உடைய வீட்டில் உலை கொதிக்கும். அஃது இல்லாதார் பிறர் ஓடத்திற் பங்காளாய்ச் சென்று, கிடைத்ததைக் கொண்டு காலங்கழிப்பர். இங்ஙனமிருக்க, நம்மவர் ஓடத்தை வாங்குவதிற் காட்டும் ஊக்கத்தை அதனைக் காப்பதிற் காட்டுவதில்லை என்பது நாம் வருத்தத்தோடு சொல்லவேண்டிய விஷயமாயிருக்கிறது. அலையில் அடிபட்டு உடையும் ஓடத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசும். மழைக்காலத்திற் கரைமீது சும்மா கிடந்து உளுத்துப்போகும் ஓடத்தைப் பற்றி ஒருவரும் பேசார். எனினும், இரண்டினாலும் வரும் நஷ்டம் ஒன்றே, கடனும் ஒன்றே. ஓய்வுக் காலத்தில் ஓடத்துக்கு வரும் கேட்டினை முன்னோர் எவ்வாறு அறிந்தனர், எவ்வகையால் அதற்கு மாற்றுத் தேடினர் என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்ந்து, அதனால் நாம் பெறத்தக்க பயனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயத்தை எழுத்தில் வைத்தவருள் மிகப் பழையோர் ஒருவர், கி. மு. 700-ஆம் ஆண்டை ஒட்டிக் கிரேக்க தேசத்தில் வாழ்ந்த ஹெசியட் என்னும் புலவர். அவருடைய தந்தை சின்ன ஆசியாவிலுள்ள கீமே என்னும் பட்டணத்தினின்று வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்து, பீயோஷியா நாட்டில் அஸ்கிரா என்னும் சிற்றூரிற் குடியேறியவர். தந்தையின் சொத்தைப் பாகம் பிரித்த காலத்தில், உடன்பிறந்தானாகிய பெர்சஸ் என்பவன் நியாயம் தீர்ப்போருக்குக் கைக்கூலி கொடுத்து மிகுதியைப் பற்றிக்கொண்டான் என்று புலவர் குறை கூறுகின்றார். ஆயினும் அவனைக் கைவிடாது, உழைத்துப் பிழைக்கும் வழியை அவனுக்கு உபதேசிக்கும் முறையில் ‘வேலைகளும் நாட்களும்’ என்னும் நூலை இயற்றினார். உழவைப் பற்றியே பெரும்பாலும் பேசும் அந்நூலில், ஓடத்தைப் பற்றியும் ஒரு சிறு பகுதி உண்டு.

அதன் சாரம் வருமாறு: கார்த்திகை மீன்கள் கடலில் வீழும் பருவத்தில் எல்லாத் திசைக் காற்றும் சீறி எழும் ஆதலின், அப்பொழுது ஓடத்தைக் கடலில் வைத்தல் கூடாது. அதனைக் கரையேற்றி, காற்றின் வலியைத் தாங்குமாறு சுற்றிலும் கற்களை அடுக்க வேண்டும். மழைநீர் உள்ளே தங்கி மரத்தை உளுக்காதிருக்க, அடித்துளையின் அடைப்பை எடுத்துவிட வேண்டும். கயிறு முதலிய கருவிகளை வீட்டினுள் வைத்து, பாயை ஒழுங்காக மடித்து, சுக்கானை அடுப்புப் புகை படும்படி தொங்கவிட வேண்டும். பின்னர், கடல் அடங்கும் பருவம் வருமளவும் பொறுத்திருத்தல் வேண்டும்.

நேயர்கள் ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் அம்மீன் கூட்டம் மாலையிற் கிழக்கே எழுந்து விடியலில் மேற்கே அடைதலை நாமும் காண்கின்றோம். அதே பருவத்திலேதான் நம் கிழக்குக் கரையில் வாடைக் காற்றும் புயலும் மிகுகின்றன. தேசம் வேறு, பாஷை வேறாயினும், ஓடத்தைக் கரையேற்றும் காலத்தை இரு நாட்டாருக்கும் ஒரே மீன் கூட்டம் காட்டி நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஹெசியட் தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கப்பல் ஏறியதாகத் தாமே கூறுகின்றார். அதுவும் ஆலிஸ் என்னும் துறையிலிருந்து எதிரேயுள்ள யூபீயா தீவுக்கு. இடையிலுள்ள கடற்கால், மிகக் குறுகிய இடத்தில் 40 மீட்டர் அகலமே உடையது. கடலை இவ்வளவே அறிந்த உழவர் ஒருவர் ஓடம் காக்கும் முறையை இத்துணைத் திருத்தமாகக் கூறுவாராயின், அவ்வறிவு அந்நாட்டில் உழவர் வீடுகளிலும் பரவியிருந்தது என்பதே துணிபு. நாள்தோறும் கடல்மேற் செல்லும் நம் பிள்ளைகளுட் சிலர் அவ்வறிவு இன்றியிருத்தலை எண்ணுங்கால் நமக்கு வெட்கமே உண்டாகின்றது.

அப்புலவர் கூறிய விதிகள் காரணம் அற்றவை அல்ல. ஓடம் இடைவிடாது கடலிற் கிடந்தால் கப்பற்புழு அதன் பலகைகளைத் துளைத்துத் தின்னும். கரையேற்றி உலர்த்துவதால் அப்புழு மடியும். எனவே கரையேற்றம் ஓடத்துக்கு மருந்தேயாகும். ஆனால், கரையேறிய ஓடத்துக்கு வேறொரு பகை உண்டு. அது வானத்து நன்னீர். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 100-க்கு 20 பங்குக்கு மேற்பட்ட ஈரம் நெடுநாள் தங்குமாயின், மரத்தை உளுக்கச் செய்யும் காளான் அதிற் பற்றும். உப்பு ஊறிய மரத்தில் அஃது எளிதில் வளர்வதில்லை. அதனாலன்றோ 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் தச்சர், கப்பலின் விலாச் சட்டங்களின் இடைவெளிகளில் உப்பைக் கொட்டி வைத்தனர்! கடலிலே நனைந்த ஓடம் பிழைத்திருக்க, மழையிலே நனைந்த ஓடம் கெடுவதன் காரணம் இதுவே.

நீரின் பாரத்தையும் மறத்தல் ஆகாது. 6 மீட்டர் நீளமும் சராசரி 1 மீட்டர் அகலமும் உள்ள ஓடத்தில் 20 சென்டிமீட்டர் ஆழம் மழைநீர் நின்றால், அதன் நிறை 1,200 கிலோகிராம் ஆகும். கடலில் மிதக்கும்போது அடிப்பாகம் முழுவதையும் கடல்நீர் தாங்கி நிற்கும். கரையிலோ, இரண்டு கட்டைகளே தாங்குகின்றன. அப்பாரத்தால் ஏரா வளையும். பலகை மூட்டுகள் விலகும். ஓர் அடைப்பை எடுத்துவிடுதலாகிய சிறு செயல் இத்துணைக் கேட்டையும் தடுக்கின்றது. புகையிற் சுக்கானைத் தொங்கவிடுதலும் அத்தகையதே. அடுப்பின் வெப்பம் ஈரத்தைப் போக்கும்; புகையிலுள்ள கீல்சத்து பூச்சியையும் காளானையும் அணுகவொட்டாது.

பிற்காலத்தில் உரோமர் இவ்வோய்வை ஒரு முறையாகவே வகுத்துக் கொண்டனர். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்டிருக்கும் என்று வெஜீஷியஸ் என்னும் ஆசிரியர் தம் போர்நூலில் எழுதியிருக்கின்றார். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கலங்கள் கரையிலோ துறையிலோ ஓய்ந்திருந்தன எனவே, அவற்றைக் காக்கும் தொழிலும் கடலோடும் தொழிலோடு ஒத்த பெருமை உடையதாயிருத்தல் வேண்டும்.

வடதேசங்களிற் பனியும் உறைபனியும் இக்கவலையை மேலும் பெருக்கின. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 100-க்கு 9 பங்கு விரிகின்றது. பலகை இடுக்கில் நின்ற சிறு நீரும் அவ்வாறு விரிந்து மரத்தைப் பிளக்கும். ஆதலின் நார்வே தேசத்தார் கடலை நோக்கிய வாயிலோடு ஓடத்துக்கென்றே கொட்டில் கட்டினர். ‘நௌஸ்ட்’ என்பது அதன் பெயர். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளைச் சார்ந்த கொட்டில்களின் அடித்தளங்களையும் ஆராய்ச்சியாளர் அந்நாட்டிற் கண்டிருக்கின்றனர். கூரை மழையையும் பனியையும் தடுக்க, மண் தரையின் குளிர்ச்சியால் பலகைகள் மிக உலர்ந்து சுருங்காதிருக்க, பலகைச் சுவரின் இடைவெளிகளாற் காற்று உலாவ, ஓடம் அதனுள் இளைப்பாறும். கி. பி. 1250-ஐ ஒட்டி நார்வேயில் எழுதப்பட்ட ‘அரசர் கண்ணாடி’ என்னும் நூலில் ஒரு தந்தை மகனுக்கு வாணிக நெறியைப் போதிக்கின்றார். கலத்துக்கு இலையுதிர் காலத்திலேயே நன்றாகத் தார் பூசி, கூடுமாயின் குளிர்காலம் முழுதும் அப்பூச்சோடு வைத்திருக்க வேண்டும் என்பதும், காலம் தாழ்த்துக் கட்டைமேல் ஏற்ற நேர்ந்தால் வசந்தம் தொடங்கியபின் பூசி நன்கு உலரவிட வேண்டும் என்பதும் அவர் கூறும் புத்திமதிகளாம்.

இனி நம் நாட்டை நோக்குவோம். உப்பு விற்று நெல் கொண்டுவந்த படகுகள் வரிசையாகத் தறிகளிற் பிணிக்கப்பட்டிருந்த காட்சியை, கொட்டிலிற் பிணித்த குதிரைகளுக்கு ஒப்பிட்டுப் பட்டினப்பாலை கூறுகின்றது. படகைக் கட்டையென்று எண்ணாது, தீனியும் நிழலும் கொடுத்துப் பேணவேண்டிய உயிருள்ள செல்வமாக எண்ணும் மனப்பான்மை நம் முன்னோரிடத்து இருந்தது என்பதற்கு அவ்வுவமை ஓர் அடையாளம்.

நம்மவர் அமைத்த கட்டுமரத்தைப் பாருங்கள். இலவு, மலைவேம்பு, முள்முருங்கை முதலிய இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றாற் பிணித்தது அது. அடைப்பை எடுத்து நீர் வடிக்கவேண்டிய உட்குழிவே அதற்கு இல்லை. கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலிற் பரப்பி உலர்த்துவர். நீர் ஊறிய மரம் மிதக்கும் வலியை இழக்கும். உலர்ந்த மரம் அதனை மீளப் பெறும். ஓய்வையும் பாதுகாப்பையும் ஓடத்தின் அமைப்பிலேயே வைத்த இவ்வறிவை மேனாட்டாரும் வியந்தனர். சென்னை இராஜதானியில் மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் துரை, இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தை ஆராய்ந்து 1920-இல் வெளியிட்ட நூலில் நம் கரையின் கலங்களுக்குச் சிறந்த இடம் கொடுத்திருக்கின்றார்.

பலகையாற் செய்த வள்ளம், வத்தை முதலியவற்றுக்கோ வேறு முறை வேண்டியிருந்தது. பலகை மூட்டுகளிற் கலப்பற்றுப் பார்த்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி இடுக்குகளை அடைத்து, சுறா எண்ணெய், மத்தி எண்ணெய், முந்திரிக் கொட்டை எண்ணெய் இவற்றைப் பலகைக்கு ஊட்டினர். மழையிலிருந்து காத்தது போலவே வெயிலிலிருந்தும் காத்தனர். ஏனெனில், நம் நாட்டு வெயிலிற் பலகை சுருங்கி மூட்டு விரியும். அதற்காகவே தென்னங்கீற்று நிழலும், இடையிடையே தெளிக்கும் கடல்நீரும் வேண்டியிருந்தன. இவ்வேலைகளில் நம் தாய்மார்க்கும் பெரும் பங்கு உண்டு. பாயும் வலையும் நனையாமலும் எலி கடியாமலும் வீட்டினுள் காத்தவர்கள் அவர்களே.

காலம் மாறிவிட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை எண்ணிறந்த கட்டுமரங்களையும் வள்ளங்களையும் கொண்டுபோயிற்று. அதன்பின் உதவியாக வந்தவற்றுட் பெரும்பாலன கண்ணாடியிழைப் படகுகள். அதற்கு முன்னரே தொடங்கியிருந்த மாறுதல் அதனால் விரைவுற்றது. கண்ணாடியிழையைப் புழு தின்னாது என்பது மெய். ஆதலின் அதற்குப் பாதுகாப்பே வேண்டுவதில்லை என்று கருதுவது பெரும் பிழை. அடைப்பை எடாத கண்ணாடியிழைப் படகிலும் மழைநீரின் பாரம் அதே பாரந்தான். எஞ்சின் பொருத்தும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்துச் செய்த படகுகளில், ஆணித் துளை வழியாகப் புகும் நீர் வெளியே தெரியாமல் அம்மரத்தை உளுக்குகின்றது. நெடுநாள் ஈரம் தங்கினால் மேற்பூச்சிற் கொப்புளம் காண்கின்றது. வெயில் அப்பூச்சைச் சுண்ணாம்பு போல் வெளுக்கச் செய்கின்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரைகடந்த கஜாப் புயல், கரையில் நின்ற படகுகளையும் தூக்கி எறிந்து உடைத்தது. ஹெசியட் கற்களை அடுக்கச் சொன்னது எதற்கென்று அன்று பலர் உணர்ந்திருப்பர்.

ஆகவே, பழைய விதிகளையே புதிய ஓடத்துக்கும் நாம் பொருத்திக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் படகை அலை எட்டாத மேட்டில் ஏற்றுக. இரண்டு கட்டைகளோடு நில்லாமல் ஏராவின் நீளமெங்கும் தாங்கல் கொடுக்க. முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்பக்கத்து அடைப்பை எடுத்துவிடுக. மணலில் ஆழப் புதைத்த கட்டைகளிற் கயிறிட்டுப் பிணிக்க. படுதா மூடுவோர் காற்றுக்கு வழிவிட்டு மூடுக. காற்றில்லாத மூடல் ஈரத்தைச் சிறைவைக்கும். எஞ்சினை நன்னீராற் கழுவி, தேங்கிய எண்ணெயை வடித்து, சுக்கானை வீட்டுக்குக் கொண்டுபோன பழைய முறைப்படி வீட்டினுள் வைக்க. பின்பலகையின் ஆணித் துளைகளை வருஷந்தோறும் சோதித்து அடைக்க. விசைப்படகு உடையாருக்கோ, 2001 முதல் கிழக்குக் கரையில் நடைமுறையிலிருக்கும் மீன்பிடித் தடைக்காலம் வேறொரு வாய்ப்பாகும். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் நீளும் அவ்வோய்வைப் படகுப் பராமரிப்புக்கென்றே கருதுதல் நலம். இவற்றுட் பெரும்பாலன பணத்தால் ஆவன அல்ல. இரண்டு மூன்று நாள் உழைப்பால் ஆவன.

முடிவாக நம் குலத்துப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். கிரேக்க உழவரின் விதி எழுத்தில் நின்றமையாற் பல நூற்றாண்டுகள் கடந்து நம் கைக்கு எட்டியது. நம் பாட்டன்மார் கட்டுமரத்தை உலர்த்திய முறையும், எந்த எண்ணெயை எந்த மரத்துக்கு எப்பருவத்தில் ஊட்டினர் என்ற கணக்கும் எழுத்தில் ஏறாமலே மறைந்துகொண்டிருக்கின்றன. கட்டுமரம் அருகிவரும் இந்நாளில், அதனைக் கட்டியும் காத்தும் பழகியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதி, ஊர்ப் பெயரோடு இப்பத்திரிகைக்கு அனுப்புமாறு ஒவ்வோர் ஊரிலுமுள்ள படித்த இளைஞரை வேண்டுகின்றோம். வருவனவற்றை இப்பக்கங்களில் அவ்வப்போது வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம். அடுத்த கார்த்திகை வருமுன் அவை நம் படகுகளுக்கும் உதவட்டும்.