அம்பாப் பாடலும் ஆங்கில ஷான்டியும்: புதுக்கோட்டைக் கடற்கரையை முன்வைத்து

புதுக்கோட்டை வரலாற்றில் குடைவரைகளும் சமஸ்தான ஆட்சியும் பெற்ற இடத்தைக் கடல் பெறவில்லை. இதற்கு நிருவாகக் காரணம் ஒன்று உண்டு. 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த சமஸ்தானத்திற்குக் கடற்கரையே இல்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடலோர ஊர்கள் 1974இல் புதிய மாவட்டம் அமைந்தபோது தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியோடு வந்து சேர்ந்தவை. ஆகவே சமஸ்தான ஆவணங்களை அடியொற்றிய ஆய்வுகளில் இக்கரைக்கு இடமில்லாமற் போயிற்று. தஞ்சை பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் காவிரிப் படுகையின் வயல்களையே நோக்கின. இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டவற்றுள் மீனவரின் தொழிற்பாடலும் ஒன்று.

தமிழகத்திலும் ஈழத்திலும் மீனவர் வலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாடல் எனப்படும். கரைவலைத் தொழிலில் வலைக்கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்க, படகு கடலில் வலையை வளைத்துவிட்டு மறுமுனையைக் கரைசேர்க்கும். இரு கயிறுகளையும் இரு குழுவினர் இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ‘ஏலேலோ’, ‘ஐலசா’ எனப் பின்பாட்டுப் பாடுவர். இழுவிசை விழுவது பின்பாட்டின் அழுத்தமான அசையில்தான். முன்பாட்டு நீளும் நேரம் கைகளுக்கு ஓய்வு. வள்ளுவரின் நண்பராகக் கூறப்படும் ஏலேலசிங்கன் பெயரிலிருந்து ‘ஏலேலோ’ வந்தது என்பது வழிவழிச் செய்தி. ‘ஷான்டி’ என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மூலம் காட்டும் விவாதமும் இத்தகையதே. சொல்லின் பிறப்பைக் காட்டிலும் அது மூச்சுக்கும் தசைக்கும் செய்யும் வேலையே இங்குக் கருதத்தக்கது.

ஷான்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகப் பாய்மரக் கப்பல்களின் பாடல். பாய் ஏற்றும் கயிற்றை இழுப்பதற்கு ஒரு வகை, நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றி நடப்பதற்கு வேறொரு வகை என வேலைக்கேற்ப அதன் தாளம் மாறும். நீராவிக் கப்பல் வந்தபின் அவ்வேலைகளும் அவற்றோடு பாடல்களும் மறைந்தன. செசில் ஷார்ப் 1914இல் வெளியிட்ட ஷான்டித் தொகுப்பின் பெரும்பகுதி, சாமர்செட் பகுதியின் வாட்செட் துறைமுகத்தில் வாழ்ந்த ஜான் ஷார்ட் என்ற ஒரே மாலுமி பாடியது. அப்போது அவர் எழுபதைக் கடந்தவர். ஷார்ப் எந்தப் பாடல் எந்த வேலைக்குரியது என்பதையும் மெட்டையும் சேர்த்தே பதிவு செய்தார். பாய்மரக் கப்பலில் பணியாற்றிய ஸ்டான் ஹியூகில் 1961இல் வெளியிட்ட பெருந்தொகுப்பும் வேலைக் குறிப்புகள் நிறைந்தது. 2021 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிய ‘வெல்லர்மேன்’ உலகெங்கும் பரவியது. நியூசிலாந்துத் திமிங்கில வேட்டையோடு தொடர்புடைய அப்பாடலை ஆய்வாளர் சிலர் ஷான்டி என்றே ஏற்பதில்லை. அது எந்த இழுப்புக்கும் உரியதன்று. வேலைக் குறிப்புகள் அச்சில் இருந்தமையால்தான் இந்த வேறுபாட்டைச் சுட்டவாவது முடிந்தது.

தமிழில் நிலை வேறு. தொழிற்பாடல் மரபு பழையது. ஏர்மங்கலத்தையும் முகவைப் பாட்டையும் சிலப்பதிகாரம் பெயர் சுட்டுகிறது. பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. இவை இல்லையேல் இன்று பேசுவதற்கே சான்று குறைவு. எனினும் தமிழில் அச்சேறிய தொகுப்புகள் பெரும்பாலும் சொல்லையே முதன்மையாகக் கொண்டன. ‘தொழிற்பாடல்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் நாற்றுநடவும் ஏற்றமும் வலையிழுப்பும் அடங்கிவிடும். எந்த அசையில் கயிறு நகர்ந்தது என்பதை அச்சுப்பக்கம் சொல்வதில்லை. திரைப்படமோ ‘ஐலசா’வைத் தனிக்குரலுக்கான அணியாக்கிற்று.

இன்று கோட்டைப்பட்டினமும் செகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்கள். வலையை வின்ச் இழுக்கிறது. இயந்திர ஓசையில் பின்பாட்டுக்குத் தேவையும் இல்லை, இடமும் இல்லை. ஈழத்துக் கரைவலையிலும் டிராக்டர் இழுப்பு நுழைந்து மீனவரிடையே பூசலாகியுள்ளது. இளமையில் கையால் இழுத்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களை நாற்காலியில் அமர்த்திப் பாடச் சொன்னால் கிடைப்பது சொற்கள் மட்டுமே. எத்தனை பேர் இழுத்தனர், மடி கரையை நெருங்கும்போது பாட்டின் வேகம் மாறியதா, அடியெடுத்தவர் தாமும் கயிறு பிடித்தாரா என்பவற்றைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். இயலுமிடத்தில் ஒரு கயிற்றைக் கையில் கொடுத்தே ஒலியும் காட்சியுமாகப் பதிய வேண்டும். ஷார்ட்டும் கப்பலில் நின்று பாடவில்லை. கடற்பணியை விட்டுக் கரையில் வாழ்ந்த முதுமையில்தான் ஷார்ப் அவரைத் தேடிச் சென்றார்.