ஓமலூருக்குக் கிழக்கே எரியும் மலை

மாசி, பங்குனி ராத்திரிகளில் சேர்வராயன் சரிவில் தீ வரிசையாக நெளிவது ஓமலூர்க்காரங்களுக்குப் புதுசில்லை. "மலை எரியுது" என்பதோடு பேச்சு முடிஞ்சிடும். எவ்வளவு உக்கிரமாக எரியுது என்று யாரும் கேட்பதில்லை. பழைய கோப்புகளும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆச்சரியம்.

மலையில் வாழும் மலையாளி மக்களுக்கு (கேரளக்காரர்கள் அல்ல) புனம் வெட்டி எரிப்பது விவசாயம். 1856-இல் சென்னை மாகாண வனத்துறையை ஏற்ற கிளெக்ஹார்ன் அதை வீண் அழிவாகப் பார்த்தார். 1882 வனச்சட்டத்தில், ஒதுக்குக்காட்டில் தீ வைப்பது குற்றமானது. குற்றம் என்றானதும் கேள்விகளும் அதற்கேற்ப மாறின: யார் வைத்தது, எத்தனை ஏக்கர் போச்சு.

உக்கிரத்துக்குக் கணக்கு வந்தது 1959-இல்தான். பைரம் என்ற அமெரிக்கரின் சூத்திரம் எளிது: எரிபொருளின் வெப்பம், அதன் எடை, தீ நகரும் வேகம், மூன்றையும் பெருக்கு. ஒரு சதுர மீட்டரில் 300 கிராம் காய்ந்த புல், நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகம் என்றால், தீ முனையின் ஒரு மீட்டருக்குச் சுமார் 270 கிலோவாட். சுமார் 350-ஐத் தாண்டினால் கைக்கருவியோடு தீயின் முன்னால் நிற்க முடியாது என்பது அமெரிக்க வனத்துறைக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் சொன்னது இன்னொன்று: சரிவு 10 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும். அதே புல், அதே காற்று, இப்போது 540!

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். புல் மண்டிய செங்குத்துச் சரிவு.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. 2019 அறிக்கையில் நாட்டையே 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எங்கே அடிக்கடி எரிகிறது என்றும் காட்டியது. நல்ல வேலைதான். ஆனா அடிக்கடி எரியும் இடத்தில் சருகு சேர்வதே இல்லை. பல வருஷம் எரியாத, உண்ணிச்செடி அடர்ந்த சரிவில்தான் எடை ஏறிக் கிடக்கும்.

வெப்பம் கூடினால் எல்லாம் மோசமாகும் என்றும் சட்டென்று சொல்லிவிட முடியாது. மழை குறைந்தால் புல்லும் குறையும். ஐப்பசியில் நல்ல மழை, பிறகு நீண்ட கோடை என்று வரும் வருஷத்தைத்தான் நான் பயத்தோடு பார்ப்பேன்.

டேனிஷ்பேட்டை வனச்சரகத்துக்கு இப்படியொரு உக்கிர வரைபடம் வேணும் என்பேன். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்க ஏறும் வேட்டைத்தடுப்புக் காவலரை எந்தச் சரிவுக்கு அனுப்பக்கூடாது என்பது தை மாசத்திலேயே தெரிஞ்சிருக்கணும்.