அமெரிக்கக் குடிநுழைவுச் சட்ட வரலாற்றில் மனைவியர் நிலை

பொருள் தேடத் தலைவன் பிரிவதும், அவன் வரவு நோக்கித் தலைவி ஆற்றியிருப்பதும் பழந்தமிழ் அகப்பாடல்களில் பெரும்பங்கு பெறும் பொருள்களாகும். இருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாகக் கொள்ளும் தமிழ் மரபு, கடல் கடந்து செல்லும் பயணத்தில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்ற குறிப்பையும் தொல்காப்பியத்தில் பதிந்து வைத்துள்ளது. அக்காலத்தில் மனைவியைக் கரையில் நிறுத்தியது வழக்கம். பிற்காலத்தில் அவளை நிறுத்தியது சட்டம். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மற்றொரு நாட்டிலும் இருந்துகொண்டு, ஒரு விசா முத்திரைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை இன்று பல நாடுகளில் உண்டு. அந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாறு ஏற்ற சான்றாக அமைகின்றது.

அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். திருமணம் மெய்யானதா என்ற கேள்வி மட்டும் அங்கு எக்காலத்தும் போதியதாக இருந்ததில்லை. அழைக்கின்றவர் யார், சட்டத்தின் முன் அவர் தகுதி யாது என்ற கேள்வியே அதனினும் பெரிதாக நின்றது. கதவு அடைபட்டிருந்த காலத்திலும் அதுவே அளவுகோல்; வரிசை நீண்ட காலத்திலும் அதுவே அளவுகோல்.

கணவன் தகுதியே மனைவியின் தகுதி

அமெரிக்காவில் குடிநுழைவுக் கட்டுப்பாடு தொடங்கிய காலத்திலேயே பெண்களின் வருகை அதற்கு இலக்காயிற்று. 1875 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பேஜ் சட்டம், ஒழுக்கக்கேடான தொழிலுக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதாகக் கூறியது. நடைமுறையில் அது சீனப் பெண்கள் அனைவர்மீதும் ஐயத்தை ஏற்றியது. ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கக் கான்சல் அலுவலகம், அப்பெண்கள் கப்பலேறுமுன்பே அவர்களை விசாரித்தது. நாட்டின் எல்லையில் நிகழவேண்டிய சோதனை, புறப்படும் துறைமுகத்துக்கே சென்றுவிட்டது. இன்றைய விசா நேர்காணலின் முன்னோடி இதுவே எனலாம்.

1882 ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருவதைத் தடுத்தது. முன்னரே அமெரிக்காவில் வாழ்ந்தவர் மட்டும் சான்றிதழுடன் திரும்பி வரலாம். அவ்வாறு சான்றிதழ் பெற்றுத் தாயகம் சென்ற தொழிலாளர் ஒருவர், அங்கே ஆ மோய் என்னும் பெண்ணை மணந்து, 1884 இல் அவருடன் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். நீதிமன்றம் கணவரை உள்ளே விட்டது, மனைவியைத் தடுத்தது. தொழிலாளியின் மனைவி தானும் தொழிலாளி என்ற நிலையையே அடைகிறாள். ஆனால் கணவனின் சான்றிதழ் அவளுக்குப் பயன்படாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கணவன் நிலையின் சுமை மனைவிக்கு வந்தது. அதன் சலுகை வரவில்லை.

வணிகர் மனைவியர்க்கு வேறு நீதி கிடைத்தது. 1900 ஆம் ஆண்டில் கூ லிம் அம்மையார் வழக்கில், வணிகரின் மனைவி தனிச் சான்றிதழ் இன்றியே நுழையலாம் என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சீனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கை வணிகர்க்கு அளித்த உரிமை, அவர் மனைவிக்கும் உரியதாயிற்று. ஆகவே, செல்வமும் தொழிலும் இல்லறத்தின் எல்லையை வகுத்தன. இத்தகைய சட்டங்களின் விளைவை 1890 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு காட்டும். அந்நாட்டில் வாழ்ந்த சீனருள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆடவர் என்ற நிலை அப்போது இருந்தது.

சட்டப்படி வரத்தக்க மனைவியரும் எளிதில் வந்துவிடவில்லை. 1910 முதல் 1940 வரை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் விசாரணை நிலையம் ஒன்று இயங்கிற்று. அங்கே வந்தவரையும் அவர்தம் உறவினரையும் அதிகாரிகள் தனித்தனியே விசாரித்தனர். ஊரில் எத்தனை வரிசை வீடுகள், கிணறு எங்கே உள்ளது, வாயிலில் எத்தனை படிகள் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் உறவே பொய் என ஐயுற்றனர். சிலர் சில நாட்களிலும், சிலர் பல மாதங்களுக்குப் பின்னும் வெளிவந்தனர். சிலர் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

1924 ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனை. குடியேற வருவோர் அனைவரும் வெளிநாட்டிலுள்ள அமெரிக்கக் கான்சலிடம் விசா பெற்றே கப்பலேற வேண்டும் என்ற முறையை அது நிலைநாட்டியது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் இத்தனை பேர் என எண்ணிக்கை வரம்பும் வகுத்தது. குடிமகனின் மனைவி அவ்வரம்புக்கு அப்பாற்பட்டவள் என்று கூறியபோதிலும், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் எவரும் நுழையலாகாது என்ற மற்றொரு விதியையும் அச்சட்டம் கொண்டிருந்தது. அக்காலச் சட்டப்படி சீனரும் சப்பானியரும் இந்தியரும் அத்தகுதி அற்றவராகவே கருதப்பட்டனர்.

1924 இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த நான்கு சீனப் பெண்கள் இவ்விரு விதிகளுக்கும் இடையே அகப்பட்டனர். அவர்தம் கணவன்மார் தாங்கள் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள் என்றனர். அவ்வழக்கில் 1925 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குடிமக்களின் மனைவியராயினும் இப்பெண்கள் நுழைய இயலாது, துன்பம் நேர்கின்றது என்பதற்காகத் தெளிவான சட்டச் சொற்களை மாற்ற முடியாது. அதே நாளில் அதே மன்றம் மற்றொரு வழக்கையும் முடித்தது. அதில் சீன வணிகர்களின் மனைவியர் நுழையலாம் என்று விடை வந்தது. வணிகரின் உரிமையைக் காக்க உடன்படிக்கை இருந்தது. குடிமகனின் இல்லறத்தைக் காக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்நாட்டுக் குடிமகனைவிட அயல்நாட்டு வணிகர் இவ்வகையில் மேலான நிலையில் இருந்தார் என்பது வியப்புக்குரிய முரண்பாடு.

சீன அமெரிக்கர் இடைவிடாது முறையிட்டதன் பயனாக 1930 இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. 1924 மே 26 ஆம் நாளுக்கு முன் மணம் முடித்த மனைவியர் மட்டும் வரலாம் என்றது அது. மணநாள் ஒரு வாரம் பிந்தியிருந்தாலும் கதவு திறக்கவில்லை.

இந்தியர் நிலையும் இத்தகையதே. கலிபோர்னியாவின் வயல்களில் உழைத்த பஞ்சாபியர், 1917 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தாயகத்திலிருந்து மனைவியரை அழைத்துக்கொள்ள இயலாதவராயினர். இம்பீரியல் பள்ளத்தாக்கில் அவருள் பலர் மெக்சிக்கப் பெண்களை மணந்து புதிய குடும்பம் அமைத்தனர். 1946 இல்தான் இந்தியருக்குக் குடியுரிமைத் தகுதி கிட்டியது. அப்போதும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை ஆண்டுக்கு 100 மட்டுமே.

போர் தந்த சலுகை

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை ஓரளவு மாற்றிற்று. வெளிநாடுகளில் பணியாற்றிய அமெரிக்கப் போர்வீரர் அங்கங்கே மணம் புரிந்தனர். போர் முடிந்தபின் கணவன்மார் ஊர் திரும்ப, மனைவியர் கப்பலில் இடமின்றிக் காத்திருந்தனர். 1945 இல் பிரிட்டிஷ் மணமகளிர் லண்டனில் கூடிக் கிளர்ச்சி செய்யுமளவுக்கு அக்காத்திருப்பு நீண்டது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று போர் மணமகளிர் சட்டம் நிறைவேறிற்று. 1946 சனவரியில் சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘அர்ஜென்டினா’ என்னும் கப்பல், பிப்ரவரியில் 450 க்கும் மேற்பட்ட மணமகளிருடன் நியூயார்க்கை அடைந்தது. அதே 1946 இல் குடிமக்களின் சீன மனைவியர் எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கப்பட்டனர். 1925 இல் மூடப்பட்ட கதவு இருபத்தோராண்டுக்குப் பின் திறந்தது.

எனினும், இது சலுகையேயன்றி உரிமையன்று என்பதை எல்லன் நாஃப் அம்மையாரின் வழக்கு உணர்த்தியது. செருமனியில் பிறந்த இவர், போர்வீரராயிருந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவரை 1948 பிப்ரவரியில் மணந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் வந்தபோது எல்லிஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டார். காரணம் கூறப்படவில்லை, விசாரணையும் நடைபெறவில்லை. நாட்டின் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லே விடையாயிற்று. 1950 இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அரசின் பக்கம் நின்றது. நாளிதழ்களும் சட்டமன்ற உறுப்பினர் சிலரும் விடாது குரல் எழுப்பியதால் பின்னர் விசாரணை நடந்தது. அவர்மீது சாட்டப்பட்டவை செவிவழிச் செய்திகளே என்பது வெளிப்பட, 1951 நவம்பரில் அவர் விடுதலை பெற்றார். கணவரின் நாட்டில் கால் வைக்க அவருக்கு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

கதவு வரிசையாக மாறிய கதை

1924 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு அளித்த இடத்தைக் குடிமகளின் கணவனுக்கு அளிக்கவில்லை. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலரையும் ஒன்றாக நோக்கியது. இனத்தின் பேரால் குடியுரிமை மறுக்கும் முறையையும் நீக்கிற்று. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நாட்டு ஒதுக்கீட்டு முறையையே ஒழித்தது. அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, மணமாகாத இளம் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் எண்ணிக்கை வரம்பின்றி வரலாம் என்றாயிற்று.

ஆயினும் நிரந்தரவாசிகளின் மனைவியர் வரம்புக்குட்பட்ட மற்றொரு பிரிவில் வைக்கப்பட்டனர். விண்ணப்பம் பதிவான நாளே அவர்தம் முன்னுரிமை நாள். ஆண்டுதோறும் வழங்கத்தக்க விசாக்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது வரிசை நீள்கிறது. எந்நாள் வரை பதிந்தவரின் முறை வந்துள்ளது என்பதை அந்நாட்டு வெளியுறவு இலாகா மாதந்தோறும் அறிவிக்கின்றது. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டப்படியான வாசிகளாயினர். அவர்கள் தத்தம் குடும்பத்தாரை அழைக்க முற்பட்டபோது இவ்வரிசை பெரிதும் நீண்டது. 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோர்க்கெனத் தனியொரு தற்காலிக விசாவை வகுத்தது. மூன்றாண்டுப் பிரிவு சட்டமியற்றுவோரே ஒப்புக்கொண்ட நடைமுறையாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

ஆ மோய் வழக்கின் அளவுகோல் இவ்வரிசையிலும் மறையவில்லை. வரிசையில் நிற்கும் மனைவியின் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், அன்றே அவள் வரம்பற்ற பிரிவுக்கு மாறிவிடுகிறாள். மணம் மாறவில்லை, மனைவி மாறவில்லை, கணவர் கையிலுள்ள தாள் மட்டுமே மாறியது. 2020 ஏப்ரலில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையும் குடிமக்களின் துணைவருக்கு விலக்களித்து, வெளிநாட்டில் காத்திருந்த நிரந்தரவாசிகளின் துணைவரைத் தடுத்தது. அவ்வாணை 2021 பிப்ரவரியில் நீக்கப்பட்டது.

இன்றைய நடைமுறை

இன்று ஒரு தம்பதியர் கடக்கவேண்டிய படிகள் பல. முதலில் அமெரிக்காவிலுள்ளவர் உறவை மெய்ப்பிக்கும் மனுவைக் குடிநுழைவுத் துறையிடம் அளிக்கிறார். அது ஏற்கப்பட்டபின் கோப்பு தேசிய விசா நிலையத்துக்குச் செல்கிறது. அங்கே கட்டணம், பிறப்பு மணச் சான்றுகள், காவல்துறைச் சான்று ஆகியவற்றோடு ஆதரவு உறுதிப் பத்திரமும் வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 விழுக்காடேனும் தமக்குண்டு என அழைப்பவர் பொதுவாகக் காட்டவேண்டும். பின்னர் மருத்துவச் சோதனை. இறுதியாகத் தூதரக நேர்காணல். மணமாகி ஈராண்டு நிறையுமுன் நுழைபவர்க்கு முதலில் நிபந்தனையுடன் கூடிய வாசியுரிமையே கிட்டும். போலித் திருமணத்தைத் தடுக்க 1986 இல் வந்த ஏற்பாடு இது.

வரம்பற்ற பிரிவினரும் காத்திருக்கவே செய்கின்றனர். மனுக்கள் குவிதல், ஒரு சான்று குறைதல், பின்னணி ஆய்வு நீளுதல் ஆகியவை காலத்தை விழுங்கும். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் தூதரகங்களின் வழக்கமான விசாப் பணிகள் நின்றபோது பல்லாயிரம் கோப்புகள் தேங்கின. இடைக்காலத்தில் சுற்றுலா விசாவில் சென்று காண்பதும் எளிதன்று. குடியேறும் எண்ணம் உடையவர் என்று ஏற்கெனவே பதிவாகியிருப்பதே அதற்குத் தடையாகக்கூடும்.

உரிமையா, சலுகையா?

2024 சூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வரலாற்றில் மற்றொரு தீர்ப்பைச் சேர்த்தது. குடிமகள் ஒருவரின் கணவரான எல் சால்வடோர் நாட்டவருக்கு விசா மறுக்கப்பட்ட வழக்கு அது. அயல்நாட்டுத் துணைவரை உள்ளே விடுமாறு கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு அரசியல் சட்டத்தில் இல்லை என்று ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் கூறினர். மூவர் மாறுபட்டனர். மணம்புரியும் உரிமை, ஒரே கூரையின்கீழ் வாழும் வாய்ப்பின்றிப் பொருளற்றதாகும் என்பதே மாறுபட்டோர் கவலை.

ஆக, இனத்தடை நீங்கியது. ஆண் பெண் வேற்றுமை நீங்கியது. அடைத்த கதவு வரிசையாயிற்று. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. நூறாண்டுக்கு முன் வரவே இயலாத மனைவி இன்று காலம் தாழ்ந்தேனும் வருகிறாள். எனினும் அவள் வருகை அரசு வழங்கும் சலுகை என்ற அடிப்படை மாறவில்லை. எல்லையைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. போலியை விலக்கும் பொறுப்பும் உண்டு. அக்கடமையை ஆற்ற எத்தனை ஆண்டு தேவை என்பதே விடை காணப்படாத கேள்வி.

முல்லைத் தலைவியின் காத்திருப்புக்குக் கார்காலம் எல்லையாக இருந்தது. மழை தொடங்கியதும் தலைவன் வருவான் என்று அவள் நாளெண்ண முடிந்தது. விசாவுக்காகக் காத்திருப்போர்க்கு அத்தகைய பருவம் எதுவும் குறிக்கப்படவில்லை. அவ்வெல்லையைச் சட்டத்தில் எழுதும் பணி எஞ்சியே நிற்கின்றது.