ராயக்கோட்டை வழியா போன ராக்கெட்: நிலாவுக்கு மறுபடியும் மனுஷன் போவானா?

ராயக்கோட்டைன்னு சொன்னா ஓசூர்க்காரங்களுக்கும் பெங்களூர்க்காரங்களுக்கும் முதல்ல ஞாபகம் வர்றது தக்காளி மண்டிதான். ஊருக்கு மேல நிக்கிற மலைக்கோட்டையை பஸ் ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போயிடுவோம். நிலாவுக்கு மறுபடியும் மனுஷன் போவானாங்கிற கேள்வியை இன்னைக்கு அந்தக் கோட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். சுத்து வழிதான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரில், கௌடி என்ற கம்பெனி மேஜர் இந்தக் கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தார். அடுத்த வருஷ உடன்படிக்கையில் பாரமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கம்பெனி கைக்குப் போனது. மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுகிற வாசல் இது. 1799-ல் ஜெனரல் ஹாரிஸின் படை இந்த மலையடியில் முகாம் போட்டுவிட்டுத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பியது.

அந்தப் படைக்கு எதிரே பறந்து வந்ததுதான் மைசூர் ராக்கெட். நம்ம தீபாவளி ராக்கெட் மாதிரி காகிதக் குழாய் இல்லை, இரும்புக் குழாய். உள்ளே மருந்தை நன்றாகக் கெட்டித்தாலும் குழாய் கிழியாது. அழுத்தம் ஏறும், உந்துவிசை கூடும், ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். திசை மாறாமலிருக்க நீளமான மூங்கில் கட்டியிருப்பார்கள். ஏப்ரல் 5 இரவு சுல்தான்பேட்டை தோப்பில் இந்த ராக்கெட்டும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்து வந்தபோது இருட்டில் குழம்பிப் பின்வாங்கியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாடி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன்தான். ஆனா மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார்.

கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வூல்விச் ஆயுதச்சாலையில் வில்லியம் காங்கிரீவ் அதை வளர்த்தெடுத்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டுகளில் எரிந்தது. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் மையத்தில் மைசூர் ராக்கெட் ஓவியம் ஒன்றைப் பார்த்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். நாம அதைப் பெருமையா ஷேர் பண்றோம். எனக்கு அந்தக் கதையில வேற ஒண்ணு உறுத்துது. இரும்பை உருட்டி மருந்து கெட்டிக்கத் தெரிந்த கைகள் இங்கேதான் இருந்தன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்த அரசு போனதும் தொழிலும் போச்சு.

இதே மாதிரி ஒண்ணு அமெரிக்காவுலயும் நடந்தது, அங்க யாரும் படையெடுத்து வராமலே. 1966-ல் அமெரிக்க அரசின் செலவில் நாசாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் மேல். 1970-லேயே அப்பல்லோ 18, 19, 20 ரத்து. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-ல் போன செர்னனும் ஷ்மிட்டும்தான் நிலாவில் கால் வைத்த கடைசி ரெண்டு பேர். அவர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உற்பத்தியே நின்றுபோனது. வரைபடம் மட்டும் இருந்தா போதாதுன்னு ஓசூர் சிப்காட்ல லேத் ஓட்டுற எந்த அண்ணனைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போ நம்ம கதை. 2040-க்குள் இந்தியர் ஒருவர் நிலாவில் இறங்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் அறிவித்த இலக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கிய சூட்டோடு வந்தது. நிலாவில் இறங்கிப் பழக இஸ்ரோவுக்கு மண் தேவைப்பட்டப்போ, நிலா மேட்டுநிலத்து மண்ணுக்கு நெருக்கமான அனார்த்தொசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலேயே கிடைத்தது. அதெல்லாம் சரி. ஆனா சந்திரயான்-3 போய் இறங்க 40 நாள் ஆனது, அப்பல்லோ 11-க்கு நாலு நாள். நம்ம எல்விஎம்3 ராக்கெட்டால் 3,900 கிலோவை நேராக நிலாவுக்குத் தள்ள முடியாது. பூமியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமா உயரம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். கெட்டிக்காரத்தனமான சிக்கனம், சந்தேகமே இல்லை. ஆனா உள்ளே மனுஷன் உட்கார்ந்திருந்தா இது ஆகாது. 40 நாள் காற்று, தண்ணீர், சாப்பாடு வேணும். போதாக்குறைக்கு ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சுற்றியிருக்கிற கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கணும்.

அதனால நான் சந்திரயான் செய்தியைவிட இன்னொரு செய்தியைத்தான் உன்னிப்பா பார்க்கிறேன். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. பூமியின் தாழ்வட்டப் பாதைக்கு 30 டன் வரை தூக்கும் ராக்கெட், 96 மாத வேலை. அப்பல்லோவுக்காக சாட்டர்ன் ஒரே ஏவலில் 40 டன்னுக்கு மேல் நிலாவை நோக்கியே தள்ளியது. அதனால நாம துண்டு துண்டா அனுப்பி விண்வெளியிலேயே இணைக்கப் பழகணும். நிலா மண்ணை எடுத்துவரப் போகும் சந்திரயான்-4 அந்தப் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

2040-க்கு முன்னாடி 2029, 2034, 2039-ன்னு மூணு பொதுத்தேர்தல் இருக்கு. அமெரிக்காவில் அப்பல்லோ ஓடிக்கொண்டிருந்தபோதே பட்ஜெட் கையை விட்டுவிட்டது. இங்கே என்ன ஆகும்னு 2032 வாக்கில் தெரியும். அந்த 96 மாசம் முடியுற நேரம் அது. அப்போ அந்த ராக்கெட் ஏவுதளத்துல நிக்குதா, இல்ல இன்னும் ஃபைல்ல இருக்கான்னு பார்ப்போம்.