முறுக்கு அச்சும் கம்ப்யூட்டரும்

முறுக்கு அச்சின் அடியில் இருக்கும் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அதில் நட்சத்திர வடிவத்தில் ஓர் ஓட்டை. தட்டையான உருவம். மாவை வைத்து அழுத்துங்கள். அதே நட்சத்திரம் நீண்டு, கையில் எடுத்துக் கடிக்கக் கூடிய பண்டமாகி விடுகிறது!

கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களை டிசைன் செய்கிறவர்கள் தினமும் செய்வது இந்த வேலைதான். வட்டம் போட்டு இழுத்தால் உருளை. இதற்கு 'எக்ஸ்ட்ரூட்' என்று பெயர். பானையின் பாதி விளிம்பை மட்டும் வரைந்து, குயவர் சக்கரம் மாதிரி ஒரு சுற்று சுற்றினால் முழுப் பானை. இது 'ரிவால்வ்'. இரண்டு க்ளிக்கில் முடிகிற காரியம். இதற்காகச் சில பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1963. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவான் சதர்லேண்ட் என்ற 24 வயது மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டால் கோடு விழும். சபாஷ்! ஆனால், எல்லாமே தட்டை. பிறகு கம்பிக் கூண்டு மாதிரி 12 கோடுகளில் பெட்டி வரையவும் வழி பிறந்தது.

அங்கேதான் சிக்கல். நம் கண்ணுக்கு அது பெட்டி. கம்ப்யூட்டருக்கோ வெறும் 12 கோடு. எது முன்பக்கம், எது பின்பக்கம்? தெரியாது. எங்கே இரும்பு, எங்கே காற்று? தெரியாது. எடை? ம்ஹூம். இரண்டு பாகங்களைப் பொருத்தினால் ஒன்றோடொன்று இடிக்குமா? சொல்லத் தெரியாது. தப்பைக் கண்டுபிடிப்பது இரும்பை வெட்டிய பிறகுதான். யார் காசு?

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் இயன் பிரெய்ட். 1970களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் 'பில்ட்' என்ற புரோகிராமை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு முகமும், 'என்னுடைய இந்தப் பக்கம் பொருள், அந்தப் பக்கம் வெளி' என்று ஞாபகம் வைத்திருக்கும். கட்டையிலிருந்து உருளையைக் கழித்தால் துளை. இரண்டு கட்டைகளைக் கூட்டினால் ஒரே பொருள். 1864-லேயே இறந்துபோன ஜார்ஜ் பூல் என்ற கணித மேதையின் தர்க்கம்தான் இதற்கு அடிப்படை.

பொருள் ஓட்டை உடைசல் இல்லாமல் மூடியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிரையல் பேலன்ஸ்! ஆய்லர் என்பவர் 18-ம் நூற்றாண்டிலேயே சொன்ன கணக்கு. மூலைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து, முகங்களைக் கூட்டினால் 2 வர வேண்டும். பெட்டிக்கு 8 மூலை, 12 விளிம்பு, 6 முகம். விடை 2. ஒரு முகத்தைப் பிய்த்து விட்டால் விடை 1. டேலி ஆகவில்லை! (துளை போட்ட பொருளுக்குச் சூத்திரத்தில் கொஞ்சம் மாற்றம் உண்டு.)

பிரெய்டும் நண்பர்களும் 1974-ல் 'ஷேப் டேட்டா' என்ற கம்பெனி ஆரம்பித்தார்கள். அடுத்த பாய்ச்சல் ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவருடையது. லெனின்கிராடில் கணிதம் சொல்லிக் கொடுத்த சாமுவேல் கெய்ஸ்பெர்க், 1974-ல் சோவியத்தை விட்டு அமெரிக்கா போனார். கம்ப்யூட்டர்விஷன் உள்ளிட்ட கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, 1985-ல் சொந்தக் கடை போட்டார். பெயர் பி.டி.சி. அவருடைய 'ப்ரோ-எஞ்சினியர்' மென்பொருளில், ஆரம்பத்தில் வரைந்த தட்டைப் படத்துக்கே மரியாதை அதிகம். அதில் ஓர் அளவை மாற்றினால் போதும், அதிலிருந்து பிறந்த திடப்பொருள் முழுக்கத் தானாகவே மாறிக்கொள்ளும். பழைய முதலாளியான கம்ப்யூட்டர்விஷனை 1998-ல் பி.டி.சி.யே விலைக்கு வாங்கியது. இது உபகதை!

இத்தனைக்கும் பலன்? 1994-ல் பறந்த போயிங் 777-ஐக் கேளுங்கள். அதுவரை பாகங்கள் இடிக்கிறதா என்று பார்க்க, முழு அளவு மாதிரி விமானமே கட்டுவார்கள். 777-க்கு மூக்குப் பகுதியோடு சரி. மற்றதைத் திரையிலேயே பார்த்துவிட்டார்கள்.

ஆனால் விலை? பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அதை உடைத்தவர் ஜான் ஹிர்ஷ்டிக். எம்.ஐ.டி.யின் பிரபல பிளாக்ஜாக் சீட்டாட்டக் குழுவில் இருந்தவர். சீட்டில் ஜெயித்த பணத்தையும் போட்டு 1993-ல் கம்பெனி தொடங்கினார். 1995-ல் 'சாலிட்வொர்க்ஸ்' வந்தது. சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடியது. விலை சுமார் 4,000 டாலர். சின்னப் பட்டறைக்காரரும் எட்டிப் பார்க்கலாம் என்றானது. 1997-ல் பிரான்சின் தசோ கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

வேடிக்கை என்ன தெரியுமா? சாலிட்வொர்க்ஸின் வயிற்றுக்குள் ஓடும் 'பாராசாலிட்' என்ற கணித எஞ்சின், பிரெய்ட் குழுவின் ஷேப் டேட்டாவில் பிறந்தது. இன்று அதன் சொந்தக்காரர் தசோவின் போட்டியாளரான சீமென்ஸ். வாடகை அங்கேதான் போகிறது!

ஒரு விஷயம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் வியாபாரம் லாபம் என்று அர்த்தமில்லை. திரையில் கச்சிதமாக மூடிக்கொண்ட பொருளும் அப்படித்தான். அது உருப்படியான டிசைனா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அச்சு எத்தனை ஒசத்தியாக இருந்தாலும், மாவின் பதம் பார்க்க ஆள் வேண்டும்.