எழுத்துருவிலிருந்து கற்றல் தளம்வரை

மாணவர் தாமாகக் கற்பதற்குக் கணினி துணைசெய்யும் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின், தமிழ் மாணவருக்கு அத்துணை கிட்டுமுன், தமிழெழுத்து திரையில் தோன்ற வேண்டியிருந்தது. அதை அவரே தட்டச்சிட இயல வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் அது வாய்த்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

1995-ஆம் ஆண்டு, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கி ஓர் இணையத்தளம் தொடங்கப்பெற்றது. அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர், தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. அந்நாளில் எழுத்துருதோறும் குறியீட்டு முறை வேறுபட்டது. ஒரு கணினியில் எழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது.

1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தனது முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. 2002-க்குள் இரு மாணவருக்கு ஒரு கணினி என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. அடுத்த மாதமே, கோவிந்தசாமியின் முன்முயற்சியால், தமிழ்க் கணிமை அறிஞர்கள் பல நாடுகளிலிருந்து சிங்கப்பூரில் கூடினர். பள்ளிக்குக் கணினி வந்த காலமும், கணினிக்குத் தமிழ் வந்த காலமும் இவ்வாறு ஒன்றாயின. 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து விசைப்பலகைக்குப் பொதுத்தரம் அமைந்தது. அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்தார். எழுத்துருச் சிக்கலைப் பின்னர் ஒருங்குறி பெரிதும் தீர்த்தது.

2009-இல் தொடங்கிய மூன்றாம் பெருந்திட்டம், மாணவர் தம் கற்றலைத் தாமே நெறிப்படுத்துவதை வெளிப்படையான நோக்கமாக்கியது. 2018-இல் மாணவர் கற்றல் தளம் பள்ளிகளுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் கொள்ளைநோயால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, அத்தளத்தின் வழியே பாடங்கள் வீடுகளை எட்டின.

இதன் பயனை மிகுதியும் வேண்டுவோர் யாவர்? சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் உள்ளது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் பள்ளி நேரத்திற்குப் பின் அங்கு வந்து பயில்கின்றனர். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு, வகுப்பு முடிந்ததும் தமிழ்ச் சூழலும் முடிந்துவிடக்கூடும். அவ்விடைவெளியைக் கருவி நிரப்பலாம்.

ஆயினும் மொழியியல் நோக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. ரோமன் எழுத்துகளைத் தட்டினால் கைப்பேசி தமிழ்ச் சொற்களை வரிசையாக நீட்டுகிறது. னகரமா ணகரமா, லகரமா ளகரமா என்ற முடிவைக் கருவியே எடுத்துவிடுகிறது. மாணவர் சொல்லை அடையாளம் காண்கிறார். நினைவிலிருந்து ஆக்கும் பயிற்சியை இழக்கிறார்.

எனவே ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். மாணவர் ஒரு பத்தியைப் படித்துத் தம் குரலைப் பதிவுசெய்யட்டும். கேட்டுத் திருத்தி மீண்டும் பதிவுசெய்யட்டும். முதற்பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் இடையே எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதைப் பரிந்துரைச் சொற்களை நிறுத்திவிட்டுத் தமிழில் தாமே தட்டச்சிடட்டும். தம் பிழையைத் தாமே கண்டு திருத்தத் தொடங்கும் அவ்விடத்தில்தான் தாமாகக் கற்றல் தொடங்குகிறது.